கிட்னியில் பரம்பரை நீர்க்கட்டி: எந்த மாத்திரை எதோடு சேரக்கூடாது?

பரம்பரையாக வரும் சிறுநீரக நீர்க்கட்டி நோய் உள்ள ஒருவருக்கு ஒரு வருடத்தில் எத்தனை பேர் மருந்து தருகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். சிறுநீரக மருத்துவர் ஒருவர். காய்ச்சலுக்குத் தெருமுனை டாக்டர். பல் பிடுங்கப் பல் டாக்டர். படர்தாமரைக்குத் தோல் டாக்டர். இடுப்பு வலி என்று போய் நின்றால் மருந்துக்கடைத் தம்பி. "கிட்னிக்கு ரொம்ப நல்லது" என்று ஏதோ வேரை இடித்துக் கொடுக்கும் மாமா. இத்தனை பேரில் அந்தக் கிட்னிக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்தவர் முதல் ஆள் மட்டும்தான். அவர் எழுதிய மருந்தோடு மற்றவர்கள் கொடுத்தது போய்ச் சேரும் இடத்தில்தான் பெரும்பாலான சிக்கல்கள் பிறக்கின்றன. இந்தக் கட்டுரை அந்தச் சேர்க்கைகளைப் பற்றியது.

முதலில் நோயைப் பற்றிக் கொஞ்சம். பி.கே.டி. என்று சுருக்கமாகச் சொல்வார்கள். இரண்டு சிறுநீரகங்களிலும் நீர் நிறைந்த பைகள் உருவாகி, வருடக்கணக்கில் மெல்லப் பெருத்துக்கொண்டே போகும். பெரியவர்களிடம் காணும் வகைக்குக் காரணம் பெரும்பாலும் இரண்டு மரபணுக்களில் ஒன்றில் உள்ள பழுது. ஒன்று 16ஆம் குரோமோசோமில் இருக்கும் பி.கே.டி.1, மற்றது 4ஆம் குரோமோசோமில் இருக்கும் பி.கே.டி.2. முதல் வகைதான் அதிகம், சிறுநீரகம் சீக்கிரம் செயலிழப்பதும் அதில்தான். அப்பா, அம்மா இருவரில் ஒருவருக்கு இருந்தால் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் வரும் வாய்ப்பு சரிபாதி. ஆண் பெண் வித்தியாசம் கிடையாது. குடும்பத்தில் யாருக்குமே இல்லாமல் ஒருவரிடம் புதிதாகத் தொடங்குவதும் உண்டு. பெண்களுக்குச் சினைப்பையில் வருவதாகச் சொல்லும் நீர்க்கட்டி வேறு, இது வேறு. ஸ்கேன் சென்டர் வாசலிலேயே இந்தக் குழப்பம் ஆரம்பித்துவிடுகிறது என்பதால் சொல்லி வைக்கிறேன்.

இந்த நோயில் ஏமாற்றுகிற விஷயம் கிரியேட்டினின். சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்றும் ஒரு கழிவு அது; வடிகட்டும் திறன் குறைந்தால் இரத்தத்தில் அதன் அளவு ஏறும். கட்டிகள் பெருத்து நல்ல திசுவை நசுக்கிக்கொண்டே வந்தாலும், மிச்சமிருக்கும் வடிகட்டிகள் கூடுதலாக உழைத்து ஈடுகட்டிவிடும். அதனால் பல வருடங்கள் இரத்தப் பரிசோதனையில் எல்லாம் சரியாகவே தெரியும். "கிரியேட்டினின் 1 தானே இருக்கு, எந்த மாத்திரை போட்டால் என்ன?" என்று கேட்பவர்களுக்கு அந்த 1-க்குப் பின்னால் எவ்வளவு கையிருப்பு கரைந்திருக்கிறது என்று தெரியாது.

வலி மாத்திரை

இடுப்பிலும் விலாவிலும் வலி வராத பி.கே.டி.காரர் குறைவு. நம் ஊரில் வலிக்கு உடனே கைக்கு வருபவை டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென். மாதவிடாய் வலிக்கு மெஃபெனமிக் அமிலம். எல்லாம் ஒரே குடும்பம். சிறுநீரக வடிகட்டிக்கு இரத்தம் கொண்டுவரும் சிறு குழாய் திறந்திருக்க புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் வேண்டும். இந்த மாத்திரைகள் அதைத் தடுப்பதால் உள்ளே வரும் குழாய் சுருங்குகிறது. நல்ல சிறுநீரகம் ஓரிரு நாள் அதைத் தாங்கும்.

பி.கே.டி. உள்ளவர் பெரும்பாலும் ஏற்கெனவே டெல்மிசார்டான், லோசார்டான், ராமிப்ரில் மாதிரி ஒரு பிரஷர் மாத்திரை எடுப்பார். அவை வடிகட்டியிலிருந்து வெளியே போகும் குழாயை விரித்து வைக்கும். வருவது சுருங்கி, போவது விரிந்தால் நடுவில் இருக்கும் வடிகட்டியில் அழுத்தமே இருக்காது. இவற்றோடு சிறுநீர் அதிகம் போகச் செய்யும் மாத்திரை ஒன்றும் சேர்ந்துவிட்டால், அல்லது அன்றைக்குப் பார்த்து வயிற்றுப்போக்கும் இருந்தால், இரண்டே நாளில் கிரியேட்டினின் எகிறிவிடலாம்.

இதில் கவனமாக இருப்பவர்களும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. மருந்துக்கடையில் "கிட்னி பிராப்ளம் இருக்கு, பாரசிட்டமால் மட்டும் குடுங்க" என்று கேட்கிறீர்கள். கையில் வரும் அட்டையில் பெரிய எழுத்தில் ஏதோ ஒரு கம்பெனிப் பெயர். அட்டையைத் திருப்பி, வெள்ளிப் பூச்சில் மினுங்கும் பொடி எழுத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள்: 'அசிக்ளோஃபெனாக் 100 மி.கி., பாரசிட்டமால் 325 மி.கி.' என்று இருக்கும். பாரசிட்டமால் இருக்கிறது என்பது பொய்யில்லை. கூடவே வந்த ஆள்தான் பிரச்சினை. இந்த மாதிரிக் கூட்டு மாத்திரைகள் நம் நாட்டில் ஏராளம். அட்டையின் பெயரை நம்பாமல் உள்ளே என்ன மருந்து என்று வாசிக்கும் பழக்கம் ஒன்று போதும், பாதி ஆபத்து போய்விடும். அந்த எழுத்துகள் ஆங்கிலத்தில்தான் இருக்கும். வாசிக்கத் தெரியாவிட்டால் கடைக்காரரையே வாய்விட்டு வாசிக்கச் சொல்லிக் கேட்பதில் தப்பே இல்லை.

வெறும் பாரசிட்டமால் 500 அல்லது 650 மி.கி., ஆறு மணி நேர இடைவெளியில், சில நாள்களுக்கு என்றால் சிறுநீரகத்துக்குப் பொதுவாகப் பாதுகாப்பானது. அதோடு ஒத்தடம். அதற்கும் அடங்காத வலி என்றால் அது மாத்திரையை மாற்றிப் பார்க்கிற விஷயமே அல்ல. கட்டிக்குள் இரத்தம் கசிந்திருக்கலாம், சீழ் பிடித்திருக்கலாம், கல் இருக்கலாம். "ஒரு ஊசி போட்டால் சரியாகிடும்" என்று போடப்படும் ஊசியும் பல இடங்களில் டைக்ளோஃபெனாக்தான் என்பதை மறக்க வேண்டாம். ஊசியாகப் போனாலும் சிறுநீரகத்துக்குச் செய்வது அதையேதான்.

தலைவலியைத் தனியாகச் சொல்ல வேண்டும். இந்த நோய் உள்ளவர்களுக்கு மூளை இரத்தக் குழாயில் பலூன் மாதிரி வீக்கம் இருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சில மடங்கு அதிகம், அதிலும் குடும்பத்தில் யாருக்காவது அது வெடித்திருந்தால். திடீரென்று, வாழ்க்கையிலேயே வராத அளவுக்கு வரும் தலைவலிக்கு மாத்திரை தேடக்கூடாது. நேராகப் பெரிய மருத்துவமனைக்கு.

பிரஷர் மாத்திரை

இருபது, முப்பது வயதிலேயே இரத்த அழுத்தம் ஏறுவது இந்த நோயில் சகஜம். கட்டிகள் இரத்தக் குழாய்களை அழுத்துவதால் சிறுநீரகம் 'இரத்தம் போதவில்லை' என்று எண்ணிக்கொண்டு அழுத்தத்தைக் கூட்டும் ஹார்மோன் வரிசையைத் தட்டிவிடுகிறது. அந்த வரிசையை நடுவில் அறுப்பவை ராமிப்ரில் வகையும் டெல்மிசார்டான் வகையும். அதனால்தான் அவையே முதல் தேர்வு. 2014இல் வெளியான ஹால்ட் பி.கே.டி. ஆய்வு இரண்டு விஷயங்களைத் தெளிவாக்கியது. சிறுநீரகம் இன்னும் நன்றாக வேலை செய்யும் இளையவர்களுக்கு அழுத்தத்தை 95-110/60-75 வரை இறக்கி வைத்தால் சிறுநீரகம் பெருக்கும் வேகம் குறைகிறது. இரண்டு வகை மாத்திரையையும் ஒன்றாகக் கொடுத்தால் கூடுதல் பலன் எதுவும் இல்லை. ஆகவே இரண்டு டாக்டர்கள் ஆளுக்கு ஒன்றாக ராமிப்ரிலும் டெல்மிசார்டானும் எழுதியிருந்தால், இரண்டையும் விழுங்குவதற்கு முன் ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

மாத்திரை ஆரம்பித்து ஒன்றிரண்டு வாரத்தில் கிரியேட்டினினும் பொட்டாசியமும் பார்க்க வேண்டும். கிரியேட்டினின் கொஞ்சம் ஏறினால் பயப்பட வேண்டாம். ஏற்றம் 30 விழுக்காட்டுக்குள் நின்றால் பெரும்பாலும் மருந்தைத் தொடரவே சொல்வார்கள். பொட்டாசியம்தான் சத்தம் போடாமல் ஏறி இதயத் துடிப்பைக் கெடுக்கும். 'பிரஷர்காரர்களுக்கு நல்லது' என்று கடையில் விற்கும் குறைந்த சோடியம் உப்பில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் குளோரைடைக் கலந்திருப்பார்கள். டெல்மிசார்டானோடு அது சேர்வது நல்ல யோசனை இல்லை. கல்லுக்கும் சிறுநீர் எரிச்சலுக்கும் தரும் சிரப்புகளில் சிலவற்றில் பொட்டாசியம் சிட்ரேட் இருக்கும், வேறு சிலவற்றில் சோடியம் இருக்கும். நெஞ்செரிச்சலுக்குத் தண்ணீரில் பொங்க வைத்துக் குடிக்கும் உப்புத்தூளில் சோடியம் அதிகம். மூக்கடைப்புக்கான சளி மாத்திரைகளில் வரும் ஃபெனைலெஃப்ரின் அழுத்தத்தை ஏற்றும். ராமிப்ரில் எடுப்பவருக்கு வறட்டு இருமல் வந்தால் இருமல் மருந்து வாங்குவதற்கு முன் ராமிப்ரிலைத்தான் சந்தேகிக்க வேண்டும். மாத்திரையை மாற்றினால் இருமல் போய்விடும்.

வாந்தி, பேதி, ஒன்றும் குடிக்க முடியாத காய்ச்சல் நாள்களில் இந்த மாத்திரைகளைத் தற்காலிகமாக நிறுத்தச் சொல்வது வழக்கம். எதை நிறுத்த, எப்போது திரும்ப ஆரம்பிக்க என்று உடம்பு நன்றாக இருக்கும்போதே உங்கள் மருத்துவரிடம் கேட்டு, சீட்டிலேயே எழுதி வாங்கி வையுங்கள். நள்ளிரவில் வாந்தி எடுத்துக்கொண்டே கேட்கிற கேள்வி இல்லை அது.

டோல்வாப்டன்

இனி இந்த நோய்க்கென்றே வந்த மருந்து. இதில் கொஞ்சம் நிதானமாகப் போகலாம்.

நம் மூளையின் அடியில் சுரக்கும் வாசோபிரெசின் என்ற ஹார்மோன் சிறுநீரகத்திடம் "தண்ணீரை விடாதே, பிடித்து வை" என்று சொல்கிறது. பி.கே.டி. உள்ள சிறுநீரகத்தில் அதே கட்டளை கட்டிகளுக்கும் எருவாகிறது. கட்டிச் சுவரில் உள்ள செல்கள் பெருகுகின்றன, உள்ளே நீரும் சுரக்கிறது. அந்த ஹார்மோன் வந்து ஒட்டும் இடத்தை டோல்வாப்டன் அடைத்துவிடுகிறது. கட்டி வளரும் வேகம் குறைகிறது. கூடவே, தண்ணீரைப் பிடித்து வைக்கும் திறனும் போய்விடுகிறது. மருந்தின் பலனும் தொல்லையும் ஒரே கதவு வழியாகத்தான் வருகின்றன.

ஜப்பானின் ஒட்சுகா நிறுவனம் உருவாக்கிய மருந்து இது. 2012இல் வெளியான டெம்போ என்ற ஆய்வில் 1,445 பேர் மூன்று வருடம் பங்கெடுத்தார்கள். மருந்து எடுத்தவர்களுக்குச் சிறுநீரகத்தின் பருமன் ஆண்டுக்கு 2.8 விழுக்காடு கூடியது; வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கு 5.5. இந்த நோய்க்கு முதலில் அனுமதித்த நாடு ஜப்பான், 2014இல். அமெரிக்கா 2018இல். எண்களைக் கவனித்தால் ஒன்று புரியும்: மருந்து எடுத்தாலும் கட்டி வளர்கிறது, மெதுவாக. ஏற்கெனவே வந்த கட்டியை இது கரைக்காது, இழந்த திறனை மீட்டுத் தராது. அதனால் எல்லோருக்கும் எழுத மாட்டார்கள். சிறுநீரகத்தின் பருமனை வயதோடு ஒப்பிட்டு, வேகமாக மோசமாகக்கூடியவர் என்று தெரிந்தால் மட்டுமே இந்தச் சிரமங்களைச் சுமப்பதில் அர்த்தம் உண்டு. "எனக்கு ஏன் எழுதவில்லை?" என்று கோபப்படும் சிலருக்கு உண்மையில் அது நல்ல செய்தி.

சிரமம் என்று எதைச் சொல்கிறேன்? தண்ணீரை. இந்த மருந்தில் ஒரு நாளைக்கு 5, 6 லிட்டர் சிறுநீர் போவது சாதாரணம். போனதை எல்லாம் திரும்பக் குடித்தாக வேண்டும். தாகம் எடுக்கும் வரை காத்திருக்கவும் கூடாது. குடிக்காவிட்டால் இரத்தத்தில் சோடியம் ஏறும், தலை கிறுகிறுக்கும், குழப்பம் வரும். மே மாதச் சென்னையில் வியர்வை வேறு தனிக் கணக்கு. நாலு மணி நேரம் நிற்காத பஸ், பெண்களுக்கு ஒழுங்கான கழிப்பறை இல்லாத வேலையிடம் என்று வாழ்பவர்களிடம் "நிறையத் தண்ணீர் குடிங்க" என்று ஒற்றை வரியில் சொல்லி அனுப்புவது அநியாயம். அப்படிப்பட்டவர் கழிப்பறைக்குப் பயந்து தண்ணீரைக் குறைப்பார், அங்கேதான் ஆபத்து தொடங்கும். வேலை என்ன, பயணம் எப்படி என்பதை மருந்து ஆரம்பிக்கும் முன்பே மருத்துவரிடம் பேசிவிட வேண்டும்.

சிறுநீர் அளவைக் குறைக்க ஒரு நியாயமான வழி இருக்கிறது: உப்பைக் குறைப்பது. உடம்பு வெளியேற்ற வேண்டிய உப்பும் கழிவும் எவ்வளவோ, அவ்வளவையும் சுமக்கத் தண்ணீர் வேண்டும். டோல்வாப்டன் எடுப்பவரின் சிறுநீர் எப்போதும் நீர்த்தே இருப்பதால், சுமை கூடினால் தண்ணீரும் கூடும். ஊறுகாய், அப்பளம், கருவாடு, சிப்ஸ் பாக்கெட் சாப்பிட்ட அன்று இரவு எத்தனை முறை எழுந்தீர்கள் என்று பார்த்தாலே விளங்கும். தாகத்துக்கு வெறும் தண்ணீர்தான் சரி. பாட்டில் ஜூஸ் வகைகளில் 5 லிட்டரை ஈடுகட்டப் போனால் சர்க்கரை ஏறிவிடும். இளநீரில் பொட்டாசியம் அதிகம். டெல்மிசார்டானும் எடுப்பவர் இஷ்டத்துக்குக் குடிக்க முடியாது.

மருந்து நாளுக்கு இரண்டு வேளை. விழித்ததும் பெரிய வேளை, எட்டு மணி நேரம் கழித்துச் சின்ன வேளை. வழக்கமாக 45-ம் 15-ம் மி.கி.யில் தொடங்கி, உடம்பு தாங்குவதைப் பார்த்து 60-30, 90-30 என்று ஏற்றுவார்கள். இரண்டாம் வேளையை மறந்து ராத்திரி ஒன்பது மணிக்கு ஞாபகம் வந்தால் விட்டுவிடுங்கள். அப்போது போட்டால் விடிய விடியக் கழிப்பறைதான். மறுநாள் இரட்டிப்பாகப் போட்டு ஈடுகட்டவும் வேண்டாம். இரவு ஷிப்ட் பார்ப்பவர்களுக்குக் கடிகாரத்தின் காலை முக்கியமில்லை, அவர்கள் விழிக்கும் நேரம்தான் காலை; ஆனால் அதை மருத்துவரிடம் சொல்லி நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது கல்லீரல். சிலருக்கு இந்த மருந்து கல்லீரலைக் கெடுக்கும். யாருக்கு என்று முன்கூட்டியே சொல்லும் சோதனை எதுவும் இல்லை. பெரும்பாலானோருக்கு மருந்தை நிறுத்தினால் சரியாகிவிடுகிறது. ஆனால் கல்லீரல் முழுக்கச் செயலிழந்து மாற்று அறுவை வரை போனதும் உண்டு. ஆய்வுகளில் இது பெரும்பாலும் 3ஆம் மாதத்துக்கும் 14ஆம் மாதத்துக்கும் இடையே தலைகாட்டியது. பரிசோதனை அட்டவணை அதையொட்டித்தான் போடப்பட்டிருக்கிறது: தொடங்கும் முன் ஒன்று, பிறகு 2ஆம் வாரம், 4ஆம் வாரம், அப்புறம் 18 மாதம் வரை மாதாமாதம், அதன் பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை. "போன மாதம் நன்றாகத்தானே இருந்தது" என்று ஒரு மாதத்தைத் தாண்டிவிடத் தோன்றும். போன மாத ரிப்போர்ட் போன மாதத்துக்கு மட்டும்தான் சாட்சி.

லேப் ரிப்போர்ட்டில் எதைப் பார்ப்பது? கல்லீரலின் நிலையைக் காட்டும் எஸ்.ஜி.பி.டி., எஸ்.ஜி.ஓ.டி., பிலிருபின் என்று மூன்று வரிகள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அந்த லேபின் இயல்பு வரம்பு அச்சாகியிருக்கும். எஸ்.ஜி.பி.டி.க்கு மேல் வரம்பு 40 என்று இருக்கிறது, உங்கள் எண் 85 என்று வைத்துக்கொள்வோம். வரம்பின் இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது. அன்றைக்கே மருந்தை நிறுத்தி, மருத்துவரைக் கூப்பிட்டு, இரண்டு மூன்று நாளுக்குள் திரும்பவும் இரத்தம் கொடுக்க வேண்டும். 120-ஐத் தாண்டியிருந்து, அதற்கு வேறு காரணமும் தென்படாவிட்டால் இந்த மருந்தைத் திரும்பத் தொடுவதில்லை. ரிப்போர்ட் வாட்ஸ்அப்பில் வந்து கிடக்கும். அடுத்த மாதம் டாக்டரைப் பார்க்கும்போது காட்டிக்கொள்ளலாம் என்று வைத்திருந்தால் சோதனை செய்ததற்கே பொருளில்லை. பி.கே.டி.யில் கல்லீரலிலும் நீர்க்கட்டிகள் வருவது உண்டு என்பதால் "அதனால்தான் ஏறியிருக்கும்" என்று சமாதானம் சொல்பவர்களும் இருக்கிறார்கள். கல்லீரல் கட்டிகள் பொதுவாக எஸ்.ஜி.பி.டி.யை இந்த அளவுக்கு ஏற்றுவதில்லை.

ரிப்போர்ட்டுக்கு முன்பே உடம்பு சொல்லிவிடக்கூடும்: காரணமில்லாத அசதி, சாப்பாட்டைக் கண்டாலே குமட்டல், வலது மேல் வயிற்றில் வலி, அரிப்பு, கண்ணில் மஞ்சள். டோல்வாப்டனில் சிறுநீர் எப்போதும் வெறும் தண்ணீர் நிறத்தில் போகும். அது தேநீர் நிறத்துக்கு மாறினால் உடனே கண்ணில் படும். நம் வீடுகளில் கண் மஞ்சளித்தால் முதல் யோசனை கீழாநெல்லிதான். கீழாநெல்லி அரைத்துக் குடித்துக்கொண்டே டோல்வாப்டனையும் தொடர்ந்தால், போகிற ஒவ்வொரு நாளும் கல்லீரலுக்கு நட்டம். முதலில் மாத்திரையை நிறுத்த வேண்டும், அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ஆரம்பத்தில் கிரியேட்டினின் லேசாக ஏறுவதும், யூரிக் அமிலம் கூடிச் சிலருக்குக் கால் கட்டைவிரல் வீங்குவதும் இந்த மருந்தில் நடக்கும். அந்தக் கட்டைவிரல் வீக்கத்துக்கு வழக்கமாகக் கொடுப்பது எது? வலி மாத்திரை. மேலே சொன்ன கதைக்கே திரும்பிப் போகிறோம்.

டோல்வாப்டனோடு மோதும் மற்ற மருந்துகள்

கல்லீரலில் சி.ஒய்.பி.3ஏ என்ற நொதி இந்த மருந்தைச் சிதைத்து வெளியேற்றுகிறது. அந்த நொதியை முடக்கும் வேறு மருந்து சேர்ந்தால் டோல்வாப்டன் இரத்தத்தில் தேங்கும். பூஞ்சைக்கான கீட்டோகோனசோல் கொடுத்துப் பார்த்ததில் அளவு 5 மடங்குக்கு மேல் ஏறியிருக்கிறது. நம் ஊரில் விடாப்பிடியாகப் பரவியிருக்கும் படர்தாமரைக்கு வாரக்கணக்கில் எழுதும் இட்ராகோனசோலும் அதே பலம் கொண்டது. அல்சர் கிருமிக்குத் தரும் மருந்துக் கூட்டில் வரும் கிளாரித்ரோமைசினும் அப்படியே. இவற்றோடு டோல்வாப்டன் சேரவே கூடாது. ஃப்ளூகோனசோல், எரித்ரோமைசின், பிரஷருக்கும் இதயத்துக்கும் தரும் டில்டியாசெம், வெராபமில் ஆகியவை நடுத்தர வகை. டோல்வாப்டன் அளவைக் குறைத்தாக வேண்டும். நேர் எதிராக, காசநோய்க்கான ரிஃபாம்பிசின் அந்த நொதியைத் தூண்டிவிட்டு மருந்தின் அளவை 85 விழுக்காடு குறைத்துவிடும். காசு கொடுத்து வாங்கிய மாத்திரை பேருக்குத்தான் உள்ளே போகும்.

தோல் டாக்டர் சிறுநீரகத்துக்குப் பாதுகாப்பானதா என்று மட்டும் யோசித்து எழுதுவார். அவர் கணக்கு சரிதான். டோல்வாப்டன் எடுக்கிறோம் என்று நாம் சொன்னால்தான் மற்ற கணக்கு அவருக்குத் தெரியும்.

கிரேப்ஃப்ரூட் சாறும் அதே நொதியைத் தடுப்பதால் மருந்துக் குறிப்புகளில் அது தவறாமல் இருக்கும். நம் சந்தையில் அது அபூர்வம். அதற்கு நெருங்கிய சொந்தமான பம்ளிமாஸ் தாராளமாகக் கிடைக்கிறது, அந்த வேதிப்பொருள்கள் அதிலும் உண்டு. இந்த மருந்து எடுக்கும் வரை பம்ளிமாஸை விட்டுவிடலாம். சிறுநீரகத் திறன் குறைந்தவர்கள் நட்சத்திரப் பழத்தையும் தொட வேண்டாம்; அது மருந்தோடு மோதுவதற்காக இல்லை, அதிலுள்ள நச்சை வெளியேற்ற முடியாமல் மூளையைத் தாக்கும்.

இன்னொரு குழப்பம் மருத்துவமனைகளிலேயே நடக்கும். இரத்தத்தில் சோடியம் குறைந்தவர்களுக்கு அதை ஏற்றவும் இதே டோல்வாப்டனைத்தான் சிறிய அளவில் கொடுக்கிறார்கள். இந்தியாவில் 15, 30 மி.கி. மாத்திரைகளாகப் பல கம்பெனிப் பெயர்களில் கிடைப்பதை வார்டில் பலர் அந்த உபயோகத்துக்கே பார்த்துப் பழகியிருப்பார்கள். வேறு எதற்காகவோ அட்மிட் ஆகும் பி.கே.டி. நோயாளியின் சீட்டில் இதைக் கண்டால் 'சோடியம் குறைவானவர்' என்று எடுத்துக்கொள்ளக்கூடும். எதற்காக எடுக்கிறோம் என்பதைச் சொல்லிவிட வேண்டும். அறுவைக்கு முன் "ராத்திரியிலிருந்து பச்சைத் தண்ணீர் கூட வேண்டாம்" என்று சொல்லும் நாள் இன்னும் மோசம். டோல்வாப்டன் போட்டுவிட்டுத் தண்ணீர் குடிக்காமல் படுத்திருப்பவருக்குச் சில மணி நேரத்தில் சோடியம் ஏற ஆரம்பித்துவிடும். எப்போதிலிருந்து நிறுத்துவது என்று மயக்க மருந்து டாக்டரும் சிறுநீரக டாக்டரும் பேசி முடிவெடுக்க வேண்டும். அவர்களைப் பேச வைப்பது பெரும்பாலும் நம் வேலையாகத்தான் வந்து சேரும்.

செலவையும் சொல்லாமல் விட முடியாது. முழு அளவு 120 மி.கி. என்றால் 30 மி.கி. மாத்திரையில் தினமும் நாலு. மாதாமாதம் இரத்தப் பரிசோதனை அதற்கு மேல். கட்டுப்படியாகாமல் பலர் தாங்களாகவே பாதியாகக் குறைக்கிறார்கள், முதலில் வெட்டுவது பரிசோதனையை. அது இருப்பதிலேயே மோசமான சிக்கனம். பரிசோதனைக்குப் பணம் இல்லாத மாதத்தில் மாத்திரையையும் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் உண்மையைச் சொல்வது எவ்வளவோ மேல்.

மூலிகை, லேகியம், 'சைடு எஃபெக்ட் இல்லாதது'

நாட்டு மருந்தை நம்புகிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் சில பெயர்களைத் தெரிந்துகொள்ளுங்கள். ஆடுதீண்டாப்பாளையும் பெருமருந்துக்கொடி என்கிற ஈஸ்வரமூலியும் அரிஸ்டோலோக்கியா இனத்துச் செடிகள். அவற்றில் உள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தைத் தழும்பாக்கி, சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயையும் கொண்டுவரும். 1990களில் பெல்ஜியத்தில் உடல் இளைக்க மூலிகை எடுத்த பெண்கள் பலரின் சிறுநீரகங்கள் செயலிழந்தபோதுதான் உலகம் இதைக் கவனித்தது. இதே இனச் செடிதான் காரணம். சீந்தில்கொடி கல்லீரலைப் பாதித்ததாக 2021இல் மும்பை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். டோல்வாப்டன் எடுப்பவருக்கு எஸ்.ஜி.பி.டி. ஏறினால் எது காரணம் என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாமல் போகும். பாதரசம், ஈயம் சேர்ந்த மருந்துகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. எதை எடுத்தாலும் சிறுநீரக மருத்துவரிடம் மறைக்காதீர்கள். திட்டுவார் என்று பயந்து மறைத்தால் அவர் தவறான இடத்தில் காரணம் தேடிக்கொண்டிருப்பார்.

ஆன்டிபயாடிக் பற்றி ஒரு வார்த்தை. கட்டிக்குள் கிருமி புகுந்தால் சாதாரண மருந்துகள் பல உள்ளே எட்டாது. சிப்ரோஃப்ளாக்சசின், கோட்ரைமாக்சசோல் மாதிரிச் சிலதான் கட்டிச் சுவரைத் தாண்டும். வாரக்கணக்கில் எடுக்க வேண்டியிருக்கும். மூணு நாளில் காய்ச்சல் விட்டதும் நிறுத்தினால் திரும்ப வரும். கோட்ரைமாக்சசோல் பொட்டாசியத்தை ஏற்றும், டெல்மிசார்டானோடு சேர்ந்தால் இரட்டிப்பாக. சிப்ரோஃப்ளாக்சசின் வகைக்குப் பெருந்தமனி வீக்கம் உள்ளவர்களிடம் ஆபத்து உண்டு என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2018இல் எச்சரித்திருக்கிறது. ஆகவே இவை 'போன தடவை கேட்டது' என்று கடையில் நாமே கேட்டு வாங்கும் மருந்துகள் அல்ல. அட்டையில் சிவப்புக் கோடு போட்டிருப்பதும் அதற்குத்தான்.

சர்க்கரைக்கும் சிறுநீரகத்துக்கும் இப்போது பரவலாக எழுதப்படும் டாபாக்ளிஃப்ளோசின் வகை பி.கே.டி.க்கும் உதவுமா என்று கேட்கிறார்கள். அந்த மருந்தின் பெயரை நிலைநாட்டிய பெரிய சிறுநீரக ஆய்வுகளில் பி.கே.டி. நோயாளிகளைச் சேர்க்கவே இல்லை. பக்கத்து வீட்டுக்காரருக்குக் கிரியேட்டினின் நின்றது என்பதை வைத்து நாம் தொடங்க முடியாது.

ஒரே வீட்டில் இரண்டு சீட்டு

பரம்பரை நோய் என்பதால் இந்த நோய்க்கே உரிய ஒரு ஆபத்து உண்டு. அப்பாவுக்கும் மகளுக்கும் ஒரே நோய்ப் பெயர். அப்பா அலமாரியில் மாத்திரை இருக்கிறது. மகளுக்குப் பிரஷர் ஏறியிருக்கிறது என்று தெரிந்ததும் "நான் போடுறதையே நீயும் போடும்மா, அதே வியாதிதானே" என்று அப்பா அட்டையை நீட்டுவார். பாசத்தில் செய்வதுதான். ஆனால் அப்பாவின் சிறுநீரகம் கால்வாசி வேலை செய்யும் நிலையில் இருக்கும், அவர் மாத்திரையும் அளவும் அதற்கேற்றவை. மகளுடையது முழுசாக வேலை செய்துகொண்டிருக்கும். ஒரே மரபணுப் பழுதைச் சுமக்கும் ஒரே குடும்பத்திலேயே ஒருவருக்கு நாற்பதில் டயாலிசிஸ் வந்து, இன்னொருவருக்கு அறுபதிலும் வராமல் இருப்பதைப் பார்க்கலாம்.

மகளுக்குக் கல்யாணம் ஆகிக் குழந்தைக்கு முயற்சி செய்கிறாள் என்றால் அந்த அட்டை இன்னும் ஆபத்து. டெல்மிசார்டான், ராமிப்ரில் இரண்டு வகையும் கருவின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். டோல்வாப்டனும் கர்ப்பத்தில் கூடாது. கரு தங்கியது தெரியவே ஐந்தாறு வாரம் ஆகிவிடும் என்பதால், முயற்சி செய்யத் தொடங்கும்போதே மருத்துவரிடம் சொல்லி, கர்ப்பத்தில் பழகிய லேபெட்டலால், நிஃபெடிபின் மாதிரி மருந்துக்கு மாறிவிட வேண்டும். இப்போதைக்குக் குழந்தை வேண்டாம் என்று கருத்தடை மாத்திரை எடுப்பதாக இருந்தால், கல்லீரலில் கட்டி இருக்கிறதா என்று மகப்பேறு மருத்துவரிடம் ஸ்கேனைக் காட்டுங்கள். ஈஸ்ட்ரோஜன் உள்ள மாத்திரைகள் பெண்களுக்குக் கல்லீரல் கட்டிகளை வளர்க்கும். ஈஸ்ட்ரோஜன் இல்லாத முறைகள் நிறையவே இருக்கின்றன.